பெட்டி கண் விழிக்கும் நேரம்

தேரி என்கிற செம்மணல் மேட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரே தெருவாக நீண்டு கிடக்கிற தாழம்பட்டணத்தில், நண்பகல் செபத்துக்கு மணி அடித்து ஓய்ந்ததும் அத்தனை பேரும் இருந்த இடத்திலேயே தூங்கிப்போனது எப்போதிலிருந்து என்று கேட்டால், சலேத்மேரி செய்த தண்ணீர்ப் பெட்டியை மேட்டுத் தொட்டியில் மாட்டிய நாளிலிருந்து என்று சின்னப்பிள்ளை கூடச் சொல்லும். தூங்காமல் இருந்த ஒருத்தி யார் என்று கேட்டால் மட்டும் இன்றைக்கும் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

அந்த ஒருத்தி சலேத்தின் அம்மா மிக்கேலம்மாள். மூன்று பிள்ளைகளைப் பெற்று, மூத்தவர்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்து, புருஷனைக் கடலுக்குக் கொடுத்து, மிச்சத்துக்குச் செபமாலையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள். கடைசி மகள் சலேத் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, அந்தக் கம்பெனி மூடிப்போனபிறகு ஒரு சூட்கேஸும் ஒரு மீட்டரும் ஒரு ஈயப்பற்றுக் கம்பியுமாக வீடு வந்து சேர்ந்தபோது, மாதாவே இவளை மறுபடி எங்கேயும் அனுப்பிவிடாதே என்று அம்மாக்காரி வேண்டிக்கொண்டாள். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

தண்ணீர்க் கதை இதுதான். எங்கோ உள்நாட்டிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் தேரி மேட்டுத் தொட்டிக்கு வந்து நிறைவது உச்சிவெயிலில். அந்த நேரத்தில் வால்வைத் திறந்துவிட்டால் தெருவின் தரைத்தொட்டிக்கு இறங்கும். திறக்காவிட்டால் வழிந்து சிவப்பு மணலுக்குள் போய்விடும். திறக்க ஆள் ஏறவேண்டும். முறை வைத்துப் பெண்கள் ஏறுவார்கள், உள்ளங்கால் வெந்து இறங்குவார்கள். போன கோடையில் நிறைசூலியாக இருந்த பிரகாசி மேட்டிலேயே மயங்கி விழுந்து, நான்கு பேர் தூக்கி வந்தார்கள். மேட்டுக்குக் கரண்டு இழுக்கலாம் என்றால், நடுகிற கம்பத்தையெல்லாம் நகர்கிற மணல் இடுப்பளவு விழுங்கிவிடும்.

"கரண்டு வேண்டாம். ரெண்டு பென்சில் பேட்டரி போதும்" என்றாள் சலேத்.

அடுக்களை மேசையில் உட்கார்ந்து அவள் அந்தப் பெட்டியைச் செய்தாள். வால்வைத் திறக்க ஒரு உதை, மூட ஒரு உதை, நடுவில் பிடித்துக்கொண்டு நிற்க மின்சாரமே வேண்டாம் என்று வைத்தாள். வேலை செய்கிறது என்று காட்டக் கண்சிமிட்டும் பொட்டு விளக்கை, கடிகாரத்தை விட அதுதான் அதிகம் தின்கிறது என்று பிடுங்கிப்போட்டாள். மீட்டரை வைத்து வைத்து, எந்த மூலையில் கசிகிறது என்று, ஓட்டைப் பானையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பது போலப் பார்த்து அடைத்தாள்.

"இதோட சூட்சுமமே தூக்கத்துலதாம்மா" என்று மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னாள். "நாள் முழுக்கத் தூங்கும். உள்ள ஒரு சின்ன துடிப்பு மட்டும் நேரத்தை எண்ணிக்கிட்டே கெடக்கும். மத்தியானம் மணி அடிச்சு ஓயுற நேரத்துக்கு முழிக்கும், திறக்கும், தண்ணி எறங்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கும், மூடிட்டு மறுபடி தூங்கும். முழிச்சிருக்கிறது செபமாலையில ஒரு பத்து சொல்ற நேரம், பத்தே பத்து அருள்நிறை மந்திரம்."

"அந்த நேரத்துக்கு மட்டும் தின்னுமாக்கும்."

"அப்ப மட்டும் கொஞ்சம் தின்னும்."

பெட்டி மேட்டுக்குப் போனது. தண்ணீர் வந்தது. யாருடைய காலும் வேகவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, எங்களுக்கும் ஒன்று செய்துதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இனி இவள் இங்கேயேதான் என்று மிக்கேலம்மாள் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள்.

அந்த மாதக் கடைசியில் சலேத் மேட்டுக்குப் போய்ப் பேட்டரியை அளந்து பார்த்துவிட்டு முகம் சுண்டி இறங்கிவந்தாள். "குறையணும்மா. ஒரு துளியாவது குறையணும். கடையில வாங்கினப்போ இருந்ததை விடக் கூடியிருக்கு. வேற எங்கயோ இருந்து எடுக்குது."

எங்கேயிருந்து எடுக்கிறது என்பது அம்மாவுக்கு அப்போதே தெரியும். மகளிடம் சொல்லத்தான் பயம்.

பெட்டியை மாட்டிய முதல் நாளிலேயே, மணி ஓய்ந்ததும் கையில் அகப்பையோடு நின்ற மகள் அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடியதை அவள் பார்த்தாள். மயக்கமோ என்று பதறி வெளியே ஓடினால், வலை பொத்திக்கொண்டிருந்த ஆண்கள் ஊசி பிடித்த விரலோடு தூங்கினார்கள், பேன் பார்த்துக்கொண்டிருந்தவளும் பார்க்கக் கொடுத்தவளும் ஒருத்தி தலைமேல் ஒருத்தி தலை சாய்த்துத் தூங்கினார்கள், சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நீட்டிய விரலை மடக்காமல் தூங்கினார்கள். நாய் நடந்தது, காக்கை கரைந்தது, உலை கொதித்தது, தரைத்தொட்டியில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. தெரு தன் விழிப்பையெல்லாம் பெட்டிக்குக் கொடுத்துவிட்டுக் கிடந்தது. ஒரு பத்து சொல்லி முடிக்கிற நேரத்தில் தண்ணீர் நின்றது, எல்லாரும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். ஏன் தன்னிடமிருந்து மட்டும் பெட்டி எடுக்கவில்லை என்று மிக்கேலம்மாளுக்குத் தெரியவில்லை. மூன்று பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் ஒரு புருஷனின் கடலுக்கும் கொடுத்துக் கொடுத்து, எடுக்கிற மாதிரி தன்னிடம் எதுவும் பாக்கியில்லை போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

தாழம்பட்டணம் இதைப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. உலை பொங்கியிருக்கிறது, நிழல் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று மெல்ல மெல்ல எல்லாரும் கண்டுகொண்டபோது, தேரியில் ஏறி வேகிறதற்கு இது எவ்வளவோ மேல் என்று முடிவு கட்டினார்கள். மணிக்கு முன்னால் அடுப்பைத் தணி, அரிவாள்மணையை மடக்கு, பிள்ளையைக் கீழே கிடத்து என்று பெண்கள் வீட்டுக்கு வீடு குரல் கொடுத்தார்கள். வெளியாள் வண்டி தெருவுக்குள் வந்து தூங்கி எங்கேயாவது முட்டிவிடக் கூடாது என்று, தொம்மை என்கிற ஊர்க்காரர் தினமும் தெருமுனையில் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம், தூக்கம் எட்டாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பெண் பார்க்க வந்தவர்களிடம், "மத்தியானம் எங்க தெருவுல ஒரு பத்து நேரம் தூங்கணும், சம்மதமா?" என்று தட்டு மாற்றும் முன்னால் கேட்டார்கள். பங்குச்சாமியார் பெட்டியை மந்திரிக்க வேண்டும் என்று தீர்த்தச் செம்போடு வந்து, நேரம் தெரியாமல் மணியை ஒட்டி ஆரம்பித்து, "பிதா சுதன்" வரைக்கும் சொல்லிவிட்டுத் தூங்கி, விழித்ததும் "பரிசுத்த ஆவி" என்று முடித்துவிட்டுப் போனார். பாதியில் தூங்கிய ஆசீர்வாதம் செல்லுமா செல்லாதா என்று மட்டும் கொஞ்ச நாள் பேச்சு இருந்தது.

இத்தோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. மிக்கேலம்மாளின் கை சும்மா இருக்கவில்லை.

எல்லாரும் தூங்கும்போது கண்முன்னால் ஒன்று விழப்போகிறது, கருகப்போகிறது, மூச்சு முட்டப்போகிறது என்றால் பெற்றவளால் எப்படிப் பார்த்துக்கொண்டு இருக்கமுடியும்? அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டே தெருவில் நடந்தாள். பிரகாசியின் கைக்குழந்தை குப்புறக் கிடந்தால் முகத்தைத் திருப்பிவிட்டாள். காய்கிற கருவாட்டிலிருந்து காக்கையை ஓட்டினாள். பால் பொங்கினால் இறக்கிவைத்தாள். ஊர்த்தலைவர் கஸ்பார் ஒருநாள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பாதி மீசைக்கு மை பூசி, மீதி வெள்ளையோடு தூங்கியபோது, மடியில் சரிந்த மைக்கிண்ணத்தை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்தாள்.

கஸ்பார் கண் விழித்தார். கிண்ணத்தைத் தேடினார். ஜன்னலில் இருந்தது. பாதி மை பூசிய மீசையோடு தன்னை யாரோ வீட்டுக்குள் வந்து பார்த்திருக்கிறார்கள் என்று அவருக்குச் சுருக்கென்றது. மைக்கிண்ணத்தைப் பற்றி வெளியே சொல்லவும் முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே கோயில் முற்றத்தில் ஊரைக் கூட்டினார்.

"நாம எல்லாம் தூங்கும்போது நம்மள்ல ஒருத்தன் முழிச்சிருக்கான்."

"என்ன காணாமப் போச்சு, தலைவரே?" என்று தொம்மை கேட்டார்.

"ஒண்ணும் காணாமப் போகலைங்கிறதுதாம்ல எனக்குச் சந்தேகம்! களவாங்குறவன்னா எடுத்துட்டுப் போவான். இவன் எடுக்கமாட்டேங்கிறான். வந்து பாத்துட்டுப் போறான்."

அதைச் சொன்னதும் தெரு சில்லிட்டுப் போனது. ஆளாளுக்கு ஞாபகம் வந்தது. என் பால் பொங்கலையே. என் விளக்குத் திரி தூண்டியிருந்ததே. என் பிள்ளை மல்லாந்து கெடந்தானே என்று பிரகாசி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். திருட்டுக் கொடுத்திருந்தால் கூட அவ்வளவு கலங்கியிருக்கமாட்டார்கள். அலமாரிக்குள் ஒளித்தது, பாய்க்கடியில் வைத்தது, வாயைப் பிளந்து தூங்குகிற முகம், எல்லாவற்றையும் ஒரு ஜோடிக் கண் பார்த்திருக்கிறது.

மறுநாளிலிருந்து கதவுகள் உள்ளே தாழிட்டுக்கொண்டன. தூங்கும் முன்னால் பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே தூங்கினார்கள். விழித்ததும், நமக்கு முன்னாலேயே விழித்துவிட்டாரோ என்று பார்த்தார்கள். புருஷன் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டான், மாமியார் மருமகளைச் சந்தேகப்பட்டாள். மிக்கேலம்மாளும் பிள்ளையைச் சந்தேகப்பட்டாள்: சலேத்தின் இமை லேசாகத் துடித்தால், இவள் தூங்குகிற மாதிரி நடிக்கிறாளோ, நான் வெளியே போவதைப் பார்க்கிறாளோ என்று குனிந்து உற்றுப் பார்த்தாள்.

கஸ்பார் ஒவ்வொரு வாசலிலும் கடல்மணலைக் கொட்டி மட்டப்பலகையால் இழுத்துவிடச் சொன்னார். நடந்தால் தடம் விழும். மிக்கேலம்மாள் அன்றைக்கு வீட்டோடு இருந்திருக்கலாம். பிரகாசி வீட்டில் துணி எரிகிற வாடை வந்தது. போய், தாழிட்ட வீட்டின் ஜன்னல் வழியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, திரும்பும்போது விளக்குமாறால் தன் தடத்தை அழித்துக்கொண்டே பின்னால் பின்னால் நடந்துவந்தாள். அவ்வளவு சுத்தமாகப் பெருக்கினாள், எத்தனையோ வருஷப் பழக்கம். எல்லாரும் விழித்து வாசலைப் பார்த்தார்கள். ஒரு காலடியும் இல்லை.

கஸ்பார் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "நாய் எங்க போச்சு?"

"எந்த நாய்?"

"தெருவுல சுத்துற நாய்தான். அதோட தடம் எங்க? காக்காத் தடம் எங்க?" நிமிர்ந்தார். "நல்லாப் பெருக்கியிருக்கு."

அன்றைக்குத்தான் பேச்சு சலேத் பக்கம் திரும்பியது. பூட்டைச் செய்தவளிடம் சாவி இருக்காதா? நம்மைத் தூங்கவைக்கிற பெட்டியைச் செய்தவளுக்கு மட்டும் தூக்கம் எப்படி வரும்? குடம் எடுக்கப் போன சலேத்தைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிரகாசி நேருக்கு நேராகவே கேட்டாள்: "எங்க வீட்டுக்குள்ள என்னத்தட்டி தேடுத?"

சலேத் வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்தாள். "பெட்டியைக் கழட்டிடப் போறேன்மா. கழட்டிட்டு நான் போறேன். இந்த ஊர்ல இனி எனக்கு ஒரு குடம் தண்ணி எடுக்கக்கூட முகம் இல்ல."

நான்தான் என்று சொல்ல மிக்கேலம்மாளுக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? பெட்டிக்காரியின் தாயே முழித்திருந்தாள், மகளும் தாயும் கூட்டு என்று ஆகும். சொல்லாவிட்டால் மகள் போய்விடுவாள். மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுக் கேட்டாள். படத்தில் மாதாவும் அவளைப் போலவே, சொல்வதா வேண்டாமா என்று இருபக்கமும் பார்க்கிற மாதிரி நின்றாள்.

"கழட்டுறது இருக்கட்டும்" என்று சொல்லியனுப்பினார் கஸ்பார். "அதுக்கு முந்தி ஒரு சோதனை. உண்மை தெரிஞ்சுரும்."

இந்தக் கடற்கரையில் ஒவ்வொரு குடும்பமும் வலைக்குத் தன் வீட்டு முடிச்சுத்தான் போடும். அறுந்து மிதக்கிற வலையை முடிச்சைப் பார்த்தே இன்னார் வலை என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வீட்டு முடிச்சை இன்னொரு வீட்டார் அவிழ்த்தால் திரும்ப அதே மாதிரி போட வராது. கஸ்பார் வீட்டு முடிச்சு அதிலும் கஷ்டமானது. அவர் தன் கையால் எல்லார் மணிக்கட்டையும் நைலான் நரம்பால் ஒன்றோடொன்று கட்டி, தெரு சரிந்து இறங்கும் கடைசியில், கோயில் மதிலோரம் வரிசையாக உட்காரவைப்பது என்று ஏற்பாடு. எவர் எழுந்து நடந்தாலும் முடிச்சு காட்டிக்கொடுத்துவிடும்.

"நான் கயித்துக்கிட்டப் போகணுமே" என்றார் தொம்மை.

"கயித்துக்கிட்டப் போறேன்னு சொல்லித்தான தெனமும் தப்பிக்கிற? நீ முதல்ல கையை நீட்டுல."

தொம்மையை முதலில் கட்டினார். அப்புறம் ஒவ்வொருவராக. அடுப்பைத் தணித்துவிட்டுக் கடைசியாக வந்த மிக்கேலம்மாளைக் கடைசியில், சலேத்தின் பக்கத்தில் கட்டினார். பிறகு வரிசையின் மறு தலைப்புக்குப் போய், நரம்பைப் பல்லால் கடித்துப் பிடித்துத் தன் கையைத் தானே முடிந்துகொண்டார். சலேத் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்து ஓய்ந்தது. தலைகள் வரிசையாகச் சாய்ந்தன.

மிக்கேலம்மாளும் கண்ணை மூடிக்கொண்டாள். இன்றைக்கு எது விழுந்தாலும் விழட்டும், எது கருகினாலும் கருகட்டும், நான் அசையமாட்டேன் என்று முதல் அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கினாள். மூன்றாவது மந்திரத்தில் ஒரு இரைச்சல் கேட்டது. கண்ணைத் திறந்தாள். தெருவின் உச்சியில், கயிறு இல்லாத முனையைத் தாண்டி, ஐஸ் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு குட்டியானை வண்டி உள்ளே நுழைந்திருந்தது. ஓட்டுகிறவன் தலை ஸ்டியரிங்மேல் கிடந்தது. சரிவில் வண்டி தானாக உருண்டு, வேகம் பிடித்து, நேராக மதிலைப் பார்த்து, மதிலோரம் சாய்ந்திருந்த தாழம்பட்டணம் முழுவதையும் பார்த்து வந்துகொண்டிருந்தது.

கத்தினாள். ஒருவரும் விழிக்கவில்லை. முடிச்சைப் பிய்த்தாள், கஸ்பார் வீட்டு முடிச்சு. பல்லால் கடித்தாள், நைலான் நரம்பு. அவிழ்க்கமுடியாது என்று தெரிந்ததும், மதில் முடிகிற மூலையைத் தாண்டிக் கடல் பக்கம் திரும்பி, நரம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, கரைவலை இழுக்கிற ஆள்களைப் போலக் குதிகாலை மணலில் ஊன்றி இழுத்தாள். மரியே மரியே என்று இழுத்தாள். முதலில் சலேத் வந்தாள். அவளுக்குப் பின்னால் குழந்தையை அணைத்தபடி பிரகாசி வந்தாள். தூங்குகிறவர்களுக்குக் கால்வாசிக் கனம்கூட இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மனிதருடைய மீதிக் கனமெல்லாம் விழிப்பில்தான் இருக்கிறது, அதைப் பெட்டி எடுத்து வைத்திருந்தது. ஒருவர் பின்னால் ஒருவராக, குறட்டையோடும் பிளந்த வாயோடும், வேட்டியும் சேலையும் மணலில் இழுபட, தெரு முழுக்க அவள் கைக்கட்டில் தொங்கிக்கொண்டு மூலை திரும்பி ஈரமணலுக்கு வந்து சேர்ந்தது. கடைசியாகக் கஸ்பாரின் கால் மூலையைத் தாண்டியபோது வண்டி மதிலில் போய் இடித்தது. கல் சரிந்தது. ஐஸ் பாளங்கள் உடைந்து மணலில் சிதறின.

தண்ணீர் நின்றது. எல்லாரும் கடல் நுரையில் கால் நனையக் கண் விழித்தார்கள்.

உடைந்த மதிலைப் பார்த்தார்கள், அதன் அடியில் தாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்கள், ஒரு கீறலும் இல்லாமல் வண்டியிலிருந்து இறங்கித் தலையில் கைவைத்து நின்ற டிரைவரைப் பார்த்தார்கள். பிரகாசி குழந்தையைத் தடவித் தடவிப் பார்த்தாள். மாதாவே தூக்கிவந்தாள் என்று யாரோ விசும்பினார்கள். கஸ்பார் எதையும் பார்க்கவில்லை. முடிச்சுகளைப் பார்த்தார். தொம்மையிடமிருந்து ஒவ்வொரு மணிக்கட்டாகப் பிடித்து, திருப்பி, நகத்தால் நெருடி, சந்தேகத்தோடு முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அவிழலை. இதுவும் அவிழலை. இதுவும்."

சலேத்தின் முடிச்சும் அவிழவில்லை. அதைச் சத்தமாகத்தான் சொன்னார். ஊர் முழுக்கக் கேட்டது. பிறகு கடைசிக் கைக்கு வந்தார். மிக்கேலம்மாள் முந்தானையில் சுற்றி ஒளித்திருந்தாள். விரித்துப் பார்த்தார். முடிச்சு அப்படியே இருந்தது. நரம்பு மட்டும் தோலை அறுத்து, எலும்பு தெரிகிற ஆழத்துக்கு உள்ளே இறங்கியிருந்தது.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தெரு முழுக்கப் பார்த்தது.

"அவிழலை" என்றார் மெதுவாக. "யாரும் எந்திரிக்கலை. சோதனை முடிஞ்சுது. தொம்மை, நாளையிலேருந்து கயித்துக்கிட்டப் போ."

வீட்டில் சலேத் காயத்தைக் கழுவி மருந்து வைத்துக் கட்டும்போது தலை நிமிரவில்லை.

"எல்லா வீட்டுக்குள்ளயும் போவியாம்மா?"

"போவேன்."

"என் முகத்தையும் பாப்பியா?"

"மொதல்ல அதைத்தான் பாப்பேன். கெளம்பிப் போறதுக்கு உள்ளுக்குள்ள ஏதும் திட்டம் போட்டிருக்கியோன்னு."

சலேத் கட்டுத்துணியை இறுக்கி முடிந்தாள். "பக்கத்து ஊருக்கு ரெண்டு பெட்டி செய்யணும். ஆனா முழிக்கிற நேரத்தை இன்னும் குறைக்கணும்" என்றாள். "மேசையை ஒழிச்சுக் குடு."

மறுநாள் மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிரகாசி வந்து, குழந்தையை மிக்கேலம்மாள் மடியில் கிடத்தினாள். வாசல்படி இறங்கும்போதுதான் திரும்பினாள். "தூங்கிராதிய, சித்தி."

அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். இறக்கிவைக்க நேரமில்லாத பால்சட்டி வந்தது, மருந்து குடிக்கவேண்டிய கிழவர் வந்தார். எல்லாரும் கொண்டுவந்ததை வைத்துவிட்டு, மற்றவர்கள் வீட்டில் என்ன பார்த்தாய் என்று கேட்க நினைத்து, தங்கள் வீட்டைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் கேட்காமல், அவள் கண்ணையே பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைசியாகக் கஸ்பார் வந்தார். கையில் ஒன்றும் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தூங்கும்போது நான் ஏதும் பேசுறேனா?"

அவர் பேசுவார். தினமும் ஒரே பேரைத்தான் சொல்லுவார், அழைக்கிற மாதிரி, கெஞ்சுகிற மாதிரி. அது அவர் சம்சாரத்தின் பேர் இல்லை.

"கொறட்டைதான் விடுதிய" என்றாள் மிக்கேலம்மாள், இந்தப் பொய்யைப் பங்குச்சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவர் நம்பவில்லை. கண்ணை இடுக்கி, கழுத்தை முன்னால் நீட்டி, அவள் முகத்தில் ஏதாவது ஒரு மூலையில் கசிகிறதா என்று தேடிக்கொண்டே இருந்தார். மணி அடித்து ஓய்ந்தது. அந்தப் பார்வையோடேயே அவர் தலை சரிந்தது. அது சுவரில் இடிக்கும் முன்னால், கட்டுப்போட்ட கையை நீட்டி அவள் தாங்கிப் பிடித்தாள்.